ஈரச் சிமென்டில் ஒரு பெயர்

என் கையெழுத்து எப்படி இருந்தது, எப்படி மாறியது என்று யாராவது கேட்டால் நான் காட்டக்கூடிய இடம் ஒன்றுதான். உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற வழியில், ஏரிக்கரைக்குக் கீழே, எங்கள் சேரிக் கிறிஸ்தவர்களைப் புதைக்கிற மேடு. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பதிவேடுகளை எழுதி நிரப்பினேன். அவையெல்லாம் எந்தக் கறையானுக்குப் போயினவோ தெரியாது. கல்லறை மேட்டில் எழுதியவை மட்டும் நின்றன. சிலுவையின் அடிப்பீடத்துக்குக் கொத்தனார் சிமென்ட் பூசி முடித்ததும், அது இறுகுவதற்குள் ஆணியால் பெயரைக் கீற வேண்டும். அந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஐம்பதுகளின் நடுவில் தொடங்கி அறுபதுகள் முடிகிற வரைக்கும் அங்கே பூசிய சிமென்டில் எல்லாம் என் கைதான் ஓடியிருக்கிறது.

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் ராஜா காலத்து எழுத்து இருக்கிறது. பட்டணத்திலிருந்து படித்தவர்கள் வந்து, சுவரில் ஈரக் காகிதத்தை ஒட்டி, மையை ஒற்றிப் படி எடுத்துக்கொண்டு போவார்கள். நூறு நூறு வருஷமாக எழுத்து எப்படி உருமாறி வந்தது என்பதை அதை வைத்துச் சொல்லிவிடுவார்களாம். சொல்லட்டும். எங்கள் மேட்டுக்கு அப்படி ஒருவரும் வந்ததில்லை. வந்திருந்தால், ஒரே ஒரு பெண்ணின் எழுத்து பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் அடையாளம் தெரியாமல் போவதை அங்கேயே பார்த்திருக்கலாம். எங்களிடம் ராஜா இல்லை, அதனால் வரவில்லை.

முதன்முதலாக நான் எழுதியது என் அண்ணன் மகளின் பெயரை. இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்க்காத குழந்தை. தொண்டை அடைப்பான் வந்தது. காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கேட்டு அண்ணன் ஊர்த்தெருவுக்கு ஓடினான். வண்டியும் கிடைத்தது. மாட்டைப் பூட்டுவதற்குள் குழந்தை போய்விட்டது.

அந்தக் காலத்தில் சிமென்ட் நினைத்தால் கிடைக்கிற சாமான் இல்லை. எங்கள் ஆட்களுக்கு மண்மேடும் மரச்சிலுவையும்தான். குழந்தை போன சமயம் எங்கள் மாதா கோயிலுக்கு மணிக்கூண்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைக் கட்டிய கொத்தனார் எங்கள் சேரிக்காரர். காலி மூட்டைகளை உதறி உதறிச் சேர்த்த சிமென்டை வைத்து, முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்னப் பீடம் கட்டி, மேலே சிலுவை நிறுத்திப் பூசிக் கொடுத்தார். யாரும் கேட்காமலே செய்தார்.

அதில் பெயர் எழுத வேண்டியவர் உபதேசியார். பங்குச் சாமியார் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் ஜெபம் சொல்வது, ஞானஸ்நானப் புத்தகம் எழுதுவது எல்லாம் உபதேசியார் பொறுப்பு. அவர் எழுத்து அவருடைய அப்பா காலத்து எழுத்து. புள்ளியே வைக்க மாட்டார். ஓலையில் எழுதியவர்களிடம் படித்தவர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பார்கள். காகிதம் வந்து எவ்வளவோ நாளாகியும் அந்தப் பயம் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் தலையில் போய் முடியும். அவர் எழுதியதைப் படிக்க அவரே வர வேண்டும். அது அவருக்கும் தெரியும்.

"என் எய்த்து எனக்கே ஆவாது. நீ எய்தும்மா. உன்னுது முத்து முத்தா கீது," என்று என்னிடம் ஆணியைக் கொடுத்தார்.

நான் எட்டாவது முடித்துவிட்டு, ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைக்குமா என்று காத்துக்கொண்டிருந்தேன். என் எழுத்து மணலில் பழகிய எழுத்து. எங்கள் பள்ளிக்கூடத்தில் முதலில் தரையில் மணலைப் பரப்பி, விரலைப் பிடித்துத்தான் எழுத விடுவார்கள். மணலில் விரல் சட்டென்று திரும்பாது. சுற்றித்தான் வர வேண்டும். அதனால் எல்லா எழுத்தும் பெரிசாக, உருண்டையாக வரும். பிறகு சிலேட்டு வந்தும், மைக்கூட்டில் தொட்டு எழுதுகிற கட்டைப் பேனா வந்தும், என் எழுத்தில் அந்த உருண்டை போகவில்லை.

குழந்தையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இரண்டே எழுத்து. எங்கள் சேரியில் தெருவுக்கு இரண்டு பேருக்கு அந்தப் பெயர் இருந்தது. முதலில் கொம்பு வரும். கடைசி எழுத்தின் தலையில் 'இ' சத்தத்துக்கான விசிறி வளைவு வரும். கொம்பின் சுழியை முழு வட்டமாகச் சுற்றினேன். கடைசி எழுத்தை முடித்து, ஆணியை எடுத்து, மறுபடி வைத்து, விசிறியைத் தனியாக வளைத்தேன். "வெயில்ல இறுகிக்கினு கீது, சீக்கிரம்" என்று கொத்தனார் அவசரப்படுத்தினார். நான் அவசரப்படவில்லை. அந்தக் குழந்தைக்கு நான் செய்ய அதைவிட வேறு ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள் காலையில் அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்து அந்தக் கீறல்களையே பார்த்தாள். அழவில்லை. வீட்டிலேயே அழுது தீர்த்திருந்தாள்.

"இதுல பாப்பா எங்க ஆரம்பிக்குது?" என்று கேட்டாள்.

பெயர் எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்கவில்லை. நான் அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கொம்பின் சுழியில் வைத்து, அங்கிருந்து விசிறி முடிகிற வரைக்கும் நடத்திக்கொண்டு போனேன். பிறகு என் கையைத் தள்ளிவிட்டு, இன்னொரு முறை அவளே தனியாகப் போனாள்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அம்மா நான் நடக்கப் பழகுமுன்பே போய்விட்டாள். அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் மூக்கு ஒழுகுகிற சிறுமி. எனக்குத் தலை வாரிப் பின்னியது அவள். மாகறல் வரைக்கும் நடந்து போய் நாற்று நட்டுவிட்டு வந்து, "இந்த வூட்ல ஒண்ணாவது சேத்துல கால் வெக்காம இருக்கட்டும்" என்று என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டியதும் அவள்தான். நான் டீச்சர் ஆவதற்கு வெகுநாள் முன்பே என்னை 'டீச்சரம்மா' என்று கிண்டலாகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் அவளுக்கும் சண்டை வராத நாள் குறைவு. அவள் இல்லாத நாளும் எனக்கு ஓடாது.

அந்தக் குழந்தைக்குப் பிறகு அவளுக்கு வேறு குழந்தை தங்கவில்லை. போட்டோ என்று ஒன்று எங்கள் வீட்டில் அப்போது யாருக்கும் கிடையாது. குழந்தைக்கு நல்லதாக ஒரே ஒரு கவுன் இருந்தது. அதையும் போட்டுத்தான் அனுப்பிவைத்தோம். ஆக, அந்தக் குழந்தை இந்த உலகத்தில் இருந்தது என்று தொட்டுக் காட்ட அண்ணிக்கு மிஞ்சியது சிமென்டில் நான் கீறிய அந்த இரண்டு எழுத்துதான்.

நடவோ களையெடுப்போ முடிந்து மற்றப் பெண்கள் ஏரிக்கரை மேலேயே பேசிக்கொண்டு போவார்கள். அண்ணி மட்டும் கரையை விட்டு இறங்கி மேட்டுக்குப் போவாள். சேறு காய்ந்த விரலால் பெயரின் மேல் ஒரு நடை போய்விட்டு, ஓட்டமும் நடையுமாக வந்து அவர்களோடு சேர்ந்துகொள்வாள். முதலில் அவர்கள் பாவம் என்றார்கள். பிறகு கேலி செய்தார்கள். பிறகு அதைப் பேச்சாக எடுப்பதையே விட்டுவிட்டார்கள்.

நவம்பரில் கல்லறைத் திருநாள். அதற்கு முன்னால் எல்லாரும் தங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்போம். எழுத்துப் பள்ளத்தில் சுண்ணாம்பு இறங்கி அடைத்துக்கொள்ளும். அண்ணி தென்னை ஈர்க்கால் அதைக் குத்திக் குத்தி எடுப்பாள். எடுத்தது போக ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் உள்ளே தங்கிவிடும். திருநாளன்று சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். உபதேசியார் அவருக்கு முன்னால் நடந்து, சிலுவைகளில் இருக்கிற பெயரை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிப்பார். எழுதியிருப்பதைத்தான் படிப்பார், ஞாபகத்திலிருந்து சொல்ல மாட்டார். பெயர் இல்லாத மண்மேடுகளுக்கு எல்லாம் சேர்த்துக் கடைசியில் ஒரு தெளிப்பு. பெயர் படித்து விழுகிற தீர்த்தம்தான் அந்த ஆத்துமாவுக்குப் போய்ச் சேரும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. சாமியார் அப்படி இல்லை என்று பிரசங்கத்தில் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்குப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அங்கே என் எழுத்தைப் பார்த்து, "இதென்ன, கொழுக்கட்டை பிடித்து வைத்த மாதிரி?" என்று சிரித்தார்கள். உருண்டையைக் குறைக்கச் சொன்னார்கள். அழுகையாக வந்தது, குறைத்தேன். படித்து முடித்து எங்கள் சேரிப் பள்ளிக்கூடத்துக்கே டீச்சராக வந்தபோது ஓர் ஊற்றுப் பேனா வாங்கினேன். அதுதான் என் எழுத்தை முழுசாக மாற்றியது. கட்டைப் பேனாவில் இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மைக்கூட்டுக்குப் போய் வர வேண்டும். கை நின்று நின்று எழுதும், எழுத்தும் தனித்தனியாக நிற்கும். ஊற்றுப் பேனாவுக்கு நிற்கிற வேலையே இல்லை. கையை எடுக்காமல் ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குப் போய்க்கொண்டே இருக்கலாம்.

எழுத வேண்டியதும் அப்போது மலையாகக் குவிந்தது. பள்ளிக்கூடத்துக் கணக்கு போக, கிணறு வேண்டும், வீட்டுமனை வேண்டும், பாதையை மறித்துவிட்டார்கள் என்று சேரியில் எந்த மனுவானாலும் என்னிடம்தான் வரும். உத்திரமேரூர்ப் பத்திர ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறவர்களின் எழுத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மழையில் சாய்ந்த பயிர் மாதிரி எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். மனுவை அந்த மாதிரி எழுத்தில் எழுதினால் ஆபீஸில் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. வேண்டுமென்றே அப்படிச் சாய்த்தேனோ, அதுவாகச் சாய்ந்ததோ, இன்று சொல்லத் தெரியவில்லை. கொம்பின் சுழி முதலில் அரை வட்டமாயிற்று. பிறகு கொக்கி. பிறகு அதுவும் தேய்ந்து ஒரு சின்ன வளைவு. விசிறியைத் தனியாகப் போடுவதை விட்டேன். கடைசி எழுத்தும் விசிறியும் ஒரே இழுப்பு.

ஆணியைப் பிடித்தாலும் கை பேனாவைப் பிடித்த மாதிரியே ஓடியது. மேட்டில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தால் அது தெரியும். பழைய பீடங்களில் எழுத்து உட்கார்ந்திருக்கும். அப்புறம் எழுந்து நிற்கும். கடைசிப் பீடங்களில் ஓடும். எனக்கு அதில் பெருமைதான். எங்கள் சேரியில் ஒரு பெண் எழுதியதைப் பார்த்தால் படித்தவள் எழுத்து என்று தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மழையில் ஏரி உடைந்தது. உடைப்பு மேட்டுக்கு நேராக இல்லை, கொஞ்சம் தள்ளி. ஆனாலும் தண்ணீர் மேட்டின் ஓரத்தை அரித்துக்கொண்டு போனதில் சில பீடங்கள் சாய்ந்தன. பாப்பாவினுடையதும் சாய்ந்தது. உடையவில்லை, மழை விட்டதும் நிமிர்த்திக்கொள்ளலாம் என்றிருந்தோம். அதற்குள் உடைப்பை அடைக்கத் தண்டோரா போட்டு எல்லாரையும் கரையில் இறக்கினார்கள். மணல் மூட்டை போதவில்லை. கல், செங்கல், மரக்கட்டை, கையில் அகப்பட்டதை எல்லாம் உடைப்பில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். மழையில் யார் எதைத் தூக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. என் அண்ணனும் அங்கேதான் கூடை சுமந்துகொண்டிருந்தான். வெள்ளம் வடிந்து போய்ப் பார்த்தபோது பீடம் கிடந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது. அதையும் உடைப்பில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள்.

ஏரி நின்றால்தான் எல்லாருக்கும் சோறு. அது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் ஊர்த்தெருவில் ஒரு வீட்டு வாசற்படியைப் பெயர்த்துக்கொண்டு போயிருப்பார்களா? எங்கள் குழந்தையின் கல்லறை மட்டும் அவர்களுக்கு வெறும் கல்லாகத் தெரிந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கோடையில் ஏரிக்கு மதகு கட்டுகிற வேலை நடந்தது. கொத்தனார் அங்கே வேலைக்குப் போயிருந்தார். மேஸ்திரியிடம் சொல்லி மிச்சச் சிமென்டைக் கேட்டு வாங்கிவந்து, அதே இடத்தில், அதே உயரத்தில், புதிதாக ஒரு பீடம் கட்டினார். நான் போய் எழுதினேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், அவ்வளவுதான், பெயர் முடிந்துவிட்டது.

"ஆபீசர் எய்த்து மாதிரி கீது டீச்சரம்மா," என்றார் கொத்தனார்.

அடுத்த நாள் சாயங்காலம் அண்ணி களையெடுப்பிலிருந்து நேராக அங்கே வந்தாள். நானும் அவளுக்காகக் காத்திருந்தேன். உட்கார்ந்தாள். விரலை வைத்தாள். கொஞ்ச தூரம் போன விரல் நின்றுவிட்டது. எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் நின்றது.

"இது இன்னாது?" என்றாள்.

"பாப்பா பேருதான் அண்ணி."

"இல்ல."

"இன்னா இல்ல? நான் தான எய்தினேன்? அன்னிக்கும் நான் தான எய்தினேன்?"

"நீ எய்தினது இன்னாவோ. எம்பொண்ணு இது இல்ல."

எழுந்து, கூலிக்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து மேட்டுப் பக்கம் இறங்கவில்லை. நடவு முடிந்து மற்றப் பெண்களோடு கரைமேலேயே நடந்து வீட்டுக்கு வந்தாள். வந்து அடுப்பைப் பற்றவைத்தாள், சோறு வடித்தாள், என் தட்டில் போட்டாள். என்னோடு சண்டை போடுவதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. குழந்தை இரண்டாம் முறை செத்துப்போன மாதிரி இருந்தது வீடு.

நான் தப்பாக எழுதவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அதே பெயர், அதே இரண்டு எழுத்து, தமிழ் படித்த எவரும் வந்து படிக்கலாம். ஒரு வாரம் இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு சொல்லிக்கொள்வதில் ஒன்றும் இல்லை என்று தோன்றியது. தமிழ் படித்த எவருக்காகவும் அந்தப் பெயரை அங்கே எழுதவில்லையே.

பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு சிலேட்டை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். பழைய மாதிரி எழுதிக் காட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். உட்கார்ந்தால் கை வரவில்லை. என்னுடைய எழுத்தே எனக்கு வரவில்லை. சுழியை முழு வட்டமாகச் சுற்றலாம் என்று போனால் பாதியில் கை தானாகத் திரும்பிக்கொண்டது. மெதுவாக எழுதினால் கோணல்மாணலாக வந்தது. பிள்ளைகளின் எழுத்தைப் பார்த்து எழுதினேன். அது பிள்ளைகள் எழுத்தாக இருந்தது. ஒவ்வொன்றையும் அண்ணியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அடுப்பை ஊதிக்கொண்டே விரலை வைத்துப் பார்ப்பாள்.

"இல்ல."

கடைசியில் முற்றத்தில் மணலைக் கொட்டிப் பரப்பி, விரலால் எழுதினேன். அப்போதுதான் கொஞ்சம் உருண்டை வந்தது. அண்ணி அதில் விரலை வைத்து முடிவு வரைக்கும் போனாள்.

"கிட்ட வந்துச்சி," என்றாள். "ஆனா இல்ல. கடைசில நிக்குது. பாப்பா அங்க நிக்காது."

"எப்டிதான் இருக்கும்? நீயே எய்திக் காட்டேன்."

"எனக்கு எய்தத் தெரியாது."

"விரலால போட்டுக் காட்டு, போதும்."

"மண்ணுலயா? கோயி கெளறிக்கினு போவும், நாலு பேரு மிதிப்பாங்க. அதுல எம்பொண்ணப் போட மாட்டேன்," என்று எழுந்து போய்விட்டாள்.

இப்படியே மாசங்கள் போய்த் திருநாள் நெருங்கியது. மற்றவர்கள் சுண்ணாம்பு அடிக்க மேட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். அண்ணி போகவில்லை. அண்ணன் அதுவரை இதில் தலையிடவே இல்லை. அவன் தூக்கிய கூடைகளில் ஒன்றில் அந்தப் பீடத்தின் துண்டும் போயிருக்குமோ என்று அவன் மனசில் இருந்திருக்க வேண்டும். கல்லறைப் பேச்சு எடுத்தாலே வெளியே போய்விடுவான். அன்றைக்கு அவனே பேசினான்.

"பூசினத பேத்துட்டு மறுபடி பூசச் சொல்றேன். அவ இன்னா மாதிரி கேக்கறாளோ அத மேல போடட்டும். உன்னுத கீய போடு. அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அண்ணிக்குப் படவில்லை.

"எம்பொண்ணுக்கு ரெண்டு பேரா வெச்சோம்?" என்றாள்.

"உபதேசியார் படிக்கணுமே அண்ணி," என்றேன் நான். "அவருக்குப் புரியலன்னா தாண்டிப் போயிடுவாரு. தீர்த்தம் வியாது."

தீர்த்தம் அண்ணிக்கு விளையாட்டில்லை. அது விழாவிட்டால் அந்த வருஷம் முழுக்கக் குழந்தை தாகமாகக் கிடக்கும் என்று நம்புகிறவள்.

"அவுரு வருசத்துல ஒரு நாளு படிக்கறாரு," என்றாள். "நான் தெனம் படிக்கறேன். பூசச் சொல்லு. நானே போடறேன்."

கொத்தனார் முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார். "பேஜாரு புடிச்ச வேல. ஒரு கல்லறைய எத்தினி தபா பூசறது?" என்றார். ஆனால் உளியை வைத்துப் பழைய பூச்சைப் பக்குவமாகப் பெயர்த்து, கரணையால் புதிதாக வழித்துப் பூசினார். நான் அண்ணியிடம் ஆணியை நீட்டினேன். வாங்கவில்லை. சிமென்ட் விரலை அரித்துவிடும் என்றேன். காதில் வாங்கவில்லை. ஆள்காட்டி விரலைக் கொண்டுபோய் ஈரத்தில் வைத்தாள்.

அவள் கண் பீடத்தின் மேல் இல்லை. தலையைத் திருப்பி ஏரிக்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டே எழுதினாள். கொம்பின் சுழியை அவள் சுற்றவே இல்லை. விரலை அழுத்தி ஒரு குழி போட்டாள், அங்கிருந்து இழுத்தாள். ஏன் என்று எனக்கு உடனே புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. நான் சுற்றிய வட்டத்தை வருஷா வருஷம் சுண்ணாம்பு தூர்த்துவிட்டது. அவள் ஈர்க்கு தோண்டிய குழி மட்டும்தான் அங்கே மிஞ்சியிருந்திருக்கிறது. அடுத்த எழுத்தின் மூலைகள் எல்லாம் மழுங்கி வந்தன. விசிறி பாதிதான் வந்தது. மறுபாதி எப்போதோ அடைபட்டுப் போயிருக்கும். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது, விரலை எடுக்காமல், கடைசி எழுத்தின் காலிலிருந்து கீழே பீடத்தின் விளிம்பு வரைக்கும் வளைந்து நெளிந்து ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே போய்த்தான் விரலை எடுத்தாள்.

அப்படி ஒரு கோட்டை நான் எழுதியதே இல்லை. எந்த எழுத்திலும் அப்படி ஒரு கோடு கிடையாது. அது பழைய பீடத்தில் ஏதோ ஒரு கோடையில் விழுந்த விரிசல். நானும் அதைப் பார்த்திருக்கிறேன். சிமென்ட் விட்டுவிட்டதே என்று கொத்தனாரிடம் சொல்லியும் இருக்கிறேன். எனக்கு அது விரிசல். அவளுக்கு எது எழுத்து, எது விரிசல் என்று யார் சொல்லிக் கொடுத்தது? விரல் போன வழியெல்லாம் அவளுக்குப் பாப்பாதான்.

"கை இயுத்துக்கிச்சி போல," என்று கொத்தனார் அந்தக் கோட்டைத் தேய்க்கக் கரணையைக் கொண்டுவந்தார்.

அவர் கையை நான் பிடித்துக்கொண்டேன். "தொடாதீங்க," என்றேன். அத்தனை வருஷத்தில் அந்த மேட்டில் எத்தனையோ பேருக்குப் பெயர் கீறியிருக்கிறேன், ஒரு தடவைகூட அழுததில்லை. அன்று பீடத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அண்ணி சிமென்ட் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "டீச்சரம்மா, வூட்டுக்கு வரியா, இங்கியே நிக்கறியா?" என்றாள்.

திருநாளன்று வெயில் இல்லாமல் மூட்டமாக இருந்தது. எல்லாரும் அவரவர் கல்லறைக்குப் பக்கத்தில் மெழுகுவத்தி கொளுத்திக்கொண்டு நின்றோம். உபதேசியார் முன்னால் வந்தார், சாமியார் பின்னால் வந்தார். ஒவ்வொரு பெயராகக் காதில் விழுந்துகொண்டே நெருங்கியது. நான் எழுதிய பெயர்கள் அத்தனையையும் அவர் தடுமாறாமல் படித்தார். எங்கள் பீடத்துக்கு வந்தார். குனிந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். குழியும் மழுங்கிய கோடுகளும், விளிம்பு வரைக்கும் ஓடுகிற அந்த நெளிந்த கோடும். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் சாமியார் தீர்த்தச் செம்போடு நின்றுவிட்டார். வரிசை முழுக்க நின்றுவிட்டது.

நான் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணி சொன்னாள். முழுப் பெயரையும், அந்த மேட்டுக்கே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள். குழந்தை போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவரும் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. அண்ணி சொல்லி நான் கேட்டதே இல்லை. உபதேசியார் அதைத் திருப்பிச் சத்தமாகச் சொன்னார். சாமியார் தெளித்தார். அண்ணி தன் மெழுகுவத்தியை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்து, குழியில் தேங்கிய தீர்த்தத்தை விரலால் தள்ளித் தள்ளி, அந்த விரிசலின் நுனி வரைக்கும் கொண்டுபோய் விட்டாள்.